கள் யார் உடலில் ஏறுகிறது?

கள்ளைப் பற்றித் தமிழிலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. அந்தக் கள் ஏறும் உடல் யாருடையது என்று நம் வகுப்பறைகள் அதிகம் கேட்பதில்லை.

திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்கள்: 91 பெண்வழிச் சேறல், 92 வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. பெண்ணும் கள்ளும் கவறும் ஓர் ஆணை மயக்கக்கூடியவையாக அடுத்தடுத்து நிற்கின்றன. கள்ளுண்ணாமைக்குள்ளேயே பெண்ணுக்கு இரண்டு இடங்கள்தாம். ஒன்று, களித்திருப்பவனைக் கண்டு வருந்தும் தாய். மற்றது, குடித்தவனுக்கு முதுகுகாட்டிப் போகும் நாணம், அதற்கும் பெண்ணுருவம். பெண் பார்க்கிறாள், வருந்துகிறாள், விலகுகிறாள். மயங்குவதில்லை.

புறநானூற்றின் 235ஆம் பாட்டு இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவருக்கே தந்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவர் பாட, அவனும் மகிழ்ந்து உண்பானாம். இழந்த நட்பை ஔவை கள்ளைக்கொண்டு அளக்கிறார். அதில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையோடு இவரைச் சேர்த்து, கோலூன்றிய ஒரே கிழவியாக்கிவிட்டது நம் பொதுப்புத்தி. கள்ளுண்ட கவிஞர் அந்த உருவத்துக்குள் காணாமல் போனார்.

ஆனால் ஔவையைக் காட்டி, ஆணுக்குச் சமமாகக் குடிப்பதே விடுதலை என்று முடிப்பதும் பாதி வாசிப்புதான். எடை ஒன்றாகவே இருந்தாலும் பெண்ணுடலில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு. மது உடலின் நீரில் கலந்தே பரவுகிறது. ஆகவே அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் கூடுதல் செறிவோடு நிற்கும். இதுவும் சராசரிக் கணக்கு. உணவு, எடை, பழக்கம், உட்கொள்ளும் மாத்திரை, மரபணு எனப் பெண்ணுக்குப் பெண்ணும் மாறும். இது உடலின் கணக்கு. ஒழுக்கத்தின் கணக்கல்ல.

ஆணுடலையே பொது உடலாகக் கொண்டது இலக்கியம் மட்டுமல்ல. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டியது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பல பெண்களின் உடலில் மறுநாள் காலையிலும் தங்கியிருந்தது. பெண்களுக்கான அளவைப் பாதியாக்க 2013 வரை ஆயிற்று.

குடிக்கும் ஆணுக்கு நம்மிடம் நகைச்சுவைக் காட்சி உண்டு, சோகப்பாட்டு உண்டு. குடிக்கும் பெண்ணுக்கோ தீர்ப்புதான் முதலில் வரும். தீர்ப்புக்கு அஞ்சுகிறவள் தனக்கு எவ்வளவில் ஏறும், தலை சுற்றினால் யாரை அழைக்கலாம் என்று ஒருவரிடமும் கேட்கமாட்டாள். பக்கத்தில் இருப்பவனின் அளவையே தன் அளவாக எடுத்துக்கொள்வாள். போதையைவிட அந்த மௌனத்துக்கு நான் அஞ்சுகிறேன். குடிப்பவளோ, குடிக்க மறுப்பவளோ, தன் உடலின் அளவைத் தானே சொல்லும் எழுத்து நமக்கு வேண்டும். 235ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போது கள்ளைக் கள் என்றே சொல்லித் தொடங்கலாம்.