சுக்குப் பற்று

தலைவலி வந்த மாலைப்பொழுதுகளில், கல்லின்மேல் நாலு சொட்டு நீர் தெளித்து, ஒரு துண்டுச் சுக்கை விரல்களிடையே பற்றிக்கொண்டு, அவசரம் என்பதையே அறியாதவளாய்ப் பாட்டி வட்டம் வட்டமாக இழைக்கும்போது எழும் அந்தக் கரகரத்த மெல்லோசை, இன்றைக்கும் என் மனத்திற்கு இதமானதாகவே இருக்கிறது. நீர் மிகுந்தால் பற்று வழிந்து கண்ணை எரிக்கும். குறைந்தாலோ திப்பி திப்பியாய் நிற்கும். பதம் கண்டு வழித்து, இரும்புக் கரண்டியில் சற்றே சூடு காட்டி, புருவத்திற்கு மேலே அவள் தடவியதும் முதலில் தெரிவது இளஞ்சூடு மட்டுமே. பற்று உலர உலரத் தோல் மெல்ல இறுகும். அப்புறந்தான் காரம் தலைகாட்டும்.

நீரை எளிதில் உள்ளே விடாத தோலின் மேலடுக்கு, காகிதத்தினும் மெல்லியதாயினும், கொழுப்பால் பூசி அடைத்த மதில் போன்றது. சுக்கின் காரச்சத்தோ எண்ணெயில் கரையும் சுபாவமுடையதாதலால், அக்கொழுப்பின் வழியே சிறுகச் சிறுக இறங்கி, வெப்பத்தை உணரும் நரம்பு நுனிகளைத் தொட்டுவிடுகிறது. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை கண்ணை மூடிக் கிடப்பதும் ஒரு சுகமே. கடையில் வாங்கிய சுக்குப் பொடியைக் குழைத்தும் பற்றுப் போடலாம். ஆனால் கல்லில் இழைத்ததன் வழவழப்பு அதற்கு வாய்ப்பதில்லை.