வேட்டுவன் கொட்டிய புழு: 'உறவு' என்னும் சொல்லாடல் குறித்து

1

பாகூர்ப் பக்கம் எங்கள் ஆயா வீட்டு விட்டத்தில் குளவி கூடு கட்டினால் ஒட்டடைக் கோல் அந்தத் திசைக்கே போகக் கூடாது. "கலைச்சிடாதடா. ஊட்ல புள்ள உண்டாவப் போவுது" என்பாள் ஆயா. ஏரிக்கரைச் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அப்பி, சின்னக் கலயம் மாதிரி வனைந்து, வாயை மூடிவிட்டுப் போகும் குளவி. வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர்கள் சுடுமண் குதிரைக்கு எடுப்பதும் இந்த மாதிரி மண்ணைத்தான். குளவிக்குச் சூளை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் ஆயா இல்லாத நேரத்தில் ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கி வைத்திருந்தன. செத்த மாதிரியும் இல்லை, உயிரோடு இருக்கிற மாதிரியும் இல்லை. தொட்டால் லேசாகச் சிலிர்த்தன.

பல வருஷம் கழித்துத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதே புழுவைத் திரும்பவும் சந்தித்தேன். இந்த முறை அதற்குத் தத்துவப் பெயர் இருந்தது: பிரமர கீட நியாயம். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியையே நினைத்துக் குளவியாகிவிடும்; அதுபோலக் குருவை நினைத்த சீடன் குருவாவான், சிவனை நினைத்த சீவன் சிவமாகும். பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் போட்டார்கள். நான் உடைத்த கூட்டில் கிடந்த புழுவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தத்துவம் படித்த நேரத்தில் கண்ணால் பார்த்தது மறந்துபோயிருந்தது. அந்த மறதிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

கூட்டுக்குள் நடப்பது இதுதான். தாய்க் குளவி புழுவைக் கொட்டி முடமாக்குகிறது, கொல்வதில்லை. செத்தால் அழுகிவிடும். முடமான புழுக்களைக் கூட்டில் அடைக்கிறது. முட்டையும் அங்கேயே இருக்கிறது. பொரித்துவரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுக்களை உயிரோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்ந்து, சிறகு முளைத்து, மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்ததை மண்சுவர் மறைத்துவிட்டது. மறைந்த இடத்தில் தத்துவம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிரெஞ்சுக்காரர் ழான் ஆன்றி ஃபாப்ர் இந்த மாதிரிக் குளவிகளின் பின்னாலேயே வெயிலில் படுத்துக் கிடந்தவர். 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாகப் பூச்சிகளைப் பற்றி எழுதினார். நாவலாசிரியனின் பொறுமையோடு எழுதப்பட்ட அறிவியல் அது. குளவி புழுவின் உடலில் எங்கெங்கே கொட்டுகிறது என்பதைக் கணு கணுவாகப் பார்த்து எழுதியிருக்கிறார். டார்வினுக்கும் இந்த வகைக் குளவி தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி இனம் ஒன்றைச் சுட்டி, இரக்கமுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்குக் கடிதம் எழுதினார். அங்கே கடவுளைச் சங்கடத்தில் மாட்டிய குளவி, இங்கே குருவாகிப் பீடம் ஏறியது.

தமிழுக்கு இது தெரியாமல் இல்லை. இந்தக் குளவிக்கு நம் ஊரில் வேட்டுவன், வேட்டுவாளி என்று பெயர். வேட்டையாடுகிறவன் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் அது புழுவைப் பிடித்துக்கொண்டு போவதை வயலில் பார்த்தவர்கள். அதாவது பெயருக்குள்ளேயே அறிவியல் இருந்தது. சித்தாந்தம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேட்டையை அழித்துவிட்டது. கொல்லப்பட்டவன் மோட்சம் அடைந்தான் என்று எழுதும் புராணங்களை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் புழுவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாகூர்ச் செப்பேடு ஞாபகத்துக்கு வருகிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. கல்வி ஓரிடத்தில், அதற்கு நெல் வருவது வேறோரிடத்தில். வயலில் நின்றவன் பார்த்ததும் வித்யாஸ்தானத்தில் உட்கார்ந்தவன் எழுதியதும் தனித்தனி அறிவுகளாகப் பிரிந்துபோனதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

3

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? பிரமர கீட நியாயம் வேறு உடுப்பில் திரும்ப வந்திருப்பதால்தான். புதுச்சேரியைச் சுற்றிக் கலைக் கண்காட்சிகள், சூழல் முகாம்கள், பட்டறைகள் என்று போய்வருகிற நண்பர்களுக்கு அந்தப் பாஷை பழக்கமாகியிருக்கும். "பூச்சியும் நம் சொந்தம்", "எல்லா உயிரும் ஒரே குடும்பம்". பழைய இரும்பில் ஆளுயரத் தும்பி நிற்கும். பட்டாம்பூச்சிச் சிறகைப் பூதக்கண்ணாடியில் பெரிதாக்கி வண்ணம் தீட்டியிருப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொசு வராது, சாணிப்புழு வராது, நெல்லைச் சாறு உறிஞ்சிக் கருக்கும் புகையான் வராது. நம் சாயலில் மாற்றிக்கொள்ள முடிந்த பூச்சிக்கு மட்டும் சொந்தம் கொடுக்கிறோம். புழு குளவியானால்தான் மரியாதை என்பதற்கும் இதற்கும் என்ன தூரம்?

மேற்கில் இதைக் கொஞ்சம் கடுமையாகவே யோசித்திருக்கிறார்கள். டெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளியான நூலில் ஆர்க்கிட் மலரையும் குளவியையும் எடுத்துக்கொண்டு பேசினார்கள். மலர் குளவியாதலும் குளவி மலராதலும் ஒரே நேரத்தில் நடக்கிற இரட்டை இயக்கம் அது. அங்கே ஒருவர் மற்றவராக உயர்வதில்லை, மேல் கீழ் இல்லை. டோனா ஹாராவே 2016இல், ரத்தத்துக்கு வெளியே உறவு செய்துகொள்வது பற்றி எழுதினார். இவர்களைப் படிப்பது பிரயோசனம்தான். ஆனால் நம் ஊரில் 'உறவு' என்பது வெற்றுச் சொல் அல்ல. யார் யாருக்குப் பெண் கொடுப்பது, யார் எந்தத் தெருவில் நடப்பது, யாருக்கு நிலம், யாருக்குக் கூலி என்பதையெல்லாம் தீர்மானிக்கிற சொல். சேரிக்கும் ஊருக்கும் நடுவே உறவு சாத்தியமில்லாத இடத்தில், பூச்சியோடு உறவு கொண்டாடுவது யாருக்குச் சுலபம் என்று கேட்டாக வேண்டும்.

4

கலையும் பூச்சியியலும் சூழலியலும் உண்மையாகவே ஒன்று சேர்ந்த இடம் என்று நான் நினைப்பது எந்தக் கண்காட்சியும் அல்ல. வயல்வெளிப் பள்ளியில் விவசாயிகள் போட்ட படங்கள்.

அது தொடங்கியது இந்தோனேசியாவில். பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிக்கொல்லி, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் கொன்றது. புகையான் முன்னைவிடப் பெருகியது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989இல் வயல்வெளிப் பள்ளிகள் ஆரம்பமாயின. 1990களில் அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. பாடம் இப்படி நடக்கும்: வாரம் ஒருமுறை காலையில் சிறுசிறு குழுவாக வயலில் இறங்கி, சில நெற்குத்துகளை அடியிலிருந்து நுனிவரை பார்க்க வேண்டும். எண்ண வேண்டும். பிறகு மர நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் கலர் மெழுகுக் கட்டியால் வரைய வேண்டும். நடுவில் பயிர், ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகள், மறுபக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள், மேலே வெயிலோ மேகமோ, கீழே தண்ணீர். வரைந்ததை வைத்துத்தான் இந்த வாரம் என்ன செய்வது என்று பேச வேண்டும்.

இந்தப் படங்களில் விகாரமான சிலந்திகள் இருக்கும், ஆறு காலுக்குப் பதில் எட்டுக் கால் போட்ட வண்டு இருக்கும். ஆனால் வரைய வேண்டுமென்றால் பார்த்தாக வேண்டும். பார்த்தவன் கை மருந்து டப்பாவை எடுக்கக் கொஞ்சம் தயங்கும். கலையால் ஆகக்கூடிய காரியம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. பிடித்த பூச்சியை மட்டும் வரையும் சலுகை இங்கே கிடையாது.

விவசாயிக்கு இந்தப் படிமப் பாஷை புதிதுமல்ல. தாக்கிய வயல் புகைபட்ட மாதிரி கருகுவதால் புகையான். நெற்குருத்தை யானைத் தந்தம் மாதிரி வெள்ளைக் குழலாக ஆக்கிவிடுவதால் ஆனைக்கொம்பன். கவிஞர்கள் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட்டோம்?

ஆனாலும் அந்தப் படத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற இருமை எதிர்வு. இரண்டு பக்கத்திலும் சேராத பூச்சிகள் எங்கே போகும்? 1996இல் வில்லியம் செட்டில் குழுவினர் ஜாவா வயல்களில் செய்த ஆய்வு இந்தக் கேள்விக்கு முக்கியமானது. நட்ட புதிதில் வயலில் நெல்லைத் தின்னும் பூச்சி அதிகமில்லை. அப்போது சிலந்திகள் எதைத் தின்று பெருகுகின்றன? மக்கும் தழையையும் நீர்ப்பாசியையும் தின்று வாழும் நுண்ணிய ஈக்களையும், சேற்றில் துள்ளும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளையும். நெல்லுக்கு நல்லதும் செய்யாத, கெட்டதும் செய்யாத, எந்தக் கணக்கிலும் வராத கூட்டம். அதுதான் காவலுக்கு நிற்பவர்களுக்குச் சோறு போடுகிறது. தொடக்கத்திலேயே மருந்தடித்தால் அழிவது இந்தக் கூட்டம். பிறகு புகையான் வரும்போது தடுக்க ஆளிருக்காது.

கணக்கில் வராதவர்களின் மேல் நிற்கிற வயல். இதைப் படித்தபோது பூச்சிகளை மட்டும் நினைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

5

'மருந்து' என்று சொன்னேன். விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. "மருந்து அடிக்கப் போயிருக்காரு" என்றால் வயலுக்குப் போயிருக்கிறார். "மருந்து குடிச்சிட்டாரு" என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஒரே சொல், ஒரே டப்பா. அந்த டப்பாவிலும் சித்திரம் உண்டு: சாய்சதுரத்துக்குள் கலர் முக்கோணம். சிவப்பு கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். முதுகில் தெளிப்பானைச் சுமக்கிற கூலிக்காரர் படிப்பதற்காக அச்சடித்தது அல்ல அது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2011இல். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பருத்திக் காட்டில் மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பூச்சிக்கு என்று கலந்தது மனிதனையும் கொன்றது. பூச்சிக்கும் நமக்கும் நரம்பு ஒரே விதமாக வேலை செய்வதால்தான் அந்த விஷங்களில் பல இரண்டு பேரையும் சாய்க்கின்றன. மனிதனுக்கும் பூச்சிக்கும் உறவுண்டு என்பதற்கு ரசாயனக் கம்பெனி கொடுத்திருக்கும் நிரூபணம் இது.

களை பறிக்கப் போகிற ஒரு பெரியம்மாவிடம் பாகூர் ஏரிப் பாசனத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பூச்சியைப் பற்றிக் கேட்டேன். அவர் நண்டைப் பற்றிச் சொன்னார்: "முன்ன வேலை முடிஞ்சி வரப்புல நண்டு, நத்தை பொறுக்கினு வருவோம். ராத்திரிக் கொழம்பு ஆயிடும். இப்ப மருந்து அடிக்கிறாங்க, இன்னா கெடைக்குது? நெல்லு அவங்களுது. நண்டு யாருதும் இல்ல, அதான் எங்களுதா இருந்திச்சி."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சூழலியல் சொல்லித் தந்ததில்லை. 1991இல் வில்லியனூர்ப் பக்கம் கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம் ஊர்களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது நிலமில்லாதவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த நோக்கம் சரி. ஆனால் காளானும் கறவை மாடும் கொடுக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத நண்டை எந்தத் திட்டத்தில் எழுதுவது?

அதனால் உறவுக்கு நம்மிடம் உள்ள சொற்களில் ஒன்றை முன்வைக்கிறேன்: பங்காளி. சகோதரன், பிள்ளை, நண்பன் என்ற இனிப்பான சொற்கள் வேண்டாம். பங்காளி என்றால் பங்குள்ளவன். சண்டை போடுவான், வரப்பை நகர்த்துவான், பங்காளிக் காய்ச்சல் என்று தனியாக ஒரு நோயே அவன் பெயரில் இருக்கிறது. ஆனாலும் அவன் பங்கு அவனுக்கு உண்டு, அவன் வீட்டுச் சாவு நம் வீட்டுச் சாவு. புகையான் நெல்லில் பங்கு கேட்கிறது. சிலந்தி புகையானில் பங்கு கேட்கிறது. கொஞ்சம் போகட்டும் என்று விடுவதற்குப் பாசம் தேவையில்லை. பங்கை ஒத்துக்கொண்டால் போதும்.

இந்தச் சொல்லிலும் முள் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. பங்காளி என்பது நிலமுள்ள ஆண்வழிச் சொல். அதில் பெண்ணுக்கு இடமில்லை, சேரிக்கு இடமில்லை, அந்தப் பெரியம்மாவுக்கு இடமில்லை. பங்காளி வீட்டுச் சாவை நம்முடையதாக்கும் அதே தீட்டுதான் இன்னொரு மனிதரைத் தள்ளியும் வைத்தது. எனவே சொல்லைப் பிடுங்கி வேறு கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. வயலில் பங்கு யாருக்கு என்ற கேள்வியைப் பூச்சிவரை நீட்டுகிறவர்கள் முதலில் அதைக் கூலிக்காரர்வரை நீட்டியிருக்க வேண்டும்.

6

நற்றிணை 172இல் ஒரு புன்னை மரம் வருகிறது. விளையாட்டாகப் புதைத்த கொட்டை முளைத்து வளர்ந்த மரம். அது உன் தங்கையாகும் என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. இயற்கையோடு தமிழர் கொண்ட உறவுக்கு மேடைதோறும் இதைச் சான்று காட்டுகிறோம். நாம் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. அந்த உறவு அவளுக்கு எந்தப் பரவசத்தையும் தரவில்லை. ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கிறது. உறவு என்பது யார் எதிரில் நமக்குச் சில காரியங்கள் செய்யக் கூசுகிறதோ அவர்தான்.

அந்தக் கூச்சம் வரைவதிலிருந்து வரலாம் என்று நம்புகிறேன். நண்பர்கள் அடுத்த பட்டறைக்குப் பாகூருக்கோ வில்லியனூருக்கோ வந்தால் இரும்புத் தும்பியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பெரிய தாளை விரியுங்கள். நடுவில் நெல், ஒரு பக்கம் புகையான், மறுபக்கம் சிலந்தி, அடியில் பெயர் தெரியாத சேற்றுப் பூச்சிகள், கூட்டுக்குள் முடமாகிக் கிடக்கும் புழு. அதை மோட்சமாக மாற்றாமல் புழுவாகவே வரையுங்கள். வரப்பில் நண்டு. முதுகில் தெளிப்பானோடு ஒருவர், குனிந்து களை பறிக்கும் ஒருவர். படத்தை அந்தப் பெரியம்மாவிடம் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவர் சொல்வார்.