பியானோவை விட்டு எழுந்தவர்

ஒரே பாட்டை நாட் கிங் கோல் நான்கு முறை பதிவு செய்தார். ‘தி கிறிஸ்துமஸ் ஸாங்’ என்ற அந்தப் பாட்டை மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் எழுதியது 1945ஆம் ஆண்டு கோடையில். கலிபோர்னியா வெயில் தாங்கவில்லை. குளிரை நினைத்தாவது உடம்பு ஆறட்டும் என்று தொடங்கிய விளையாட்டு அது. 1946 ஜூனில் கோல் முதல் முறை பாடினார். பியானோ, கிடார், பாஸ் என்று மூன்றே வாத்தியங்கள். மனசுக்கு ஒப்பவில்லை. ஆகஸ்டில் வயலின்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பாடினார். வெளிவந்து வெற்றி பெற்றது அதுதான். ஜூன் பதிவு பல பத்தாண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. 1953இல் பெரிய இசைக்குழுவோடு மூன்றாவது முறை. 1961இல் ஸ்டீரியோவுக்காக நான்காவது. இன்று டிசம்பர் பிறந்ததும் அமெரிக்கக் கடைகளிலும் வானொலிகளிலும் ஒலிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிவு.

நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு மனிதர் மெல்ல மெல்ல நாற்காலியை விட்டு எழுந்திருப்பது காதில் விழும். முதலில் பியானோக்காரர் பாடுகிறார். கடைசியில் பாடகர் நிற்கிறார். பியானோ கூட்டத்தில் ஒன்றாகப் போய்விட்டது. எதை இழந்தார், எதைக் கூடவே எடுத்துக்கொண்டு எழுந்தார் என்பதுதான் கோலின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

கோல் சேர்ந்த பாடகர் மரபுக்கு அமெரிக்காவில் க்ரூனர் என்று பெயர். முணுமுணுப்பு என்றும் தாலாட்டு என்றும் பொருள் தொனிக்கும் சொல். மைக் வருவதற்கு முந்தைய பாடகர் கடைசி வரிசை வரை குரலை எறிந்தாக வேண்டும். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. காதருகே பேசுகிற அளவுக்குப் பாடினாலே போதும். மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும். ரூடி வாலி, பிங் கிராஸ்பி போன்றவர்கள் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பாஸ்டன் நகரத்துக் கார்டினல் ஓகானல் 1932இல் இந்தப் பாணியை ஒழுக்கக்கேடு என்று பகிரங்கமாகக் கண்டித்தார். படுக்கையறை வரை வரும் ஆண்குரல் என்றால் சும்மாவா? இந்தக் கலவரமெல்லாம் வெள்ளைப் பாடகர்களைப் பற்றி. அதே நெருக்கத்தோடு ஒரு கறுப்பர் பாடினால் என்ன ஆகும் என்பது இன்னும் கொஞ்ச காலம் கழித்துத்தான் தெரியவந்தது.

நதானியேல் ஆடம்ஸ் கோல்ஸ் 1919 மார்ச் 17இல் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் போதகர், தாய் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பையனுக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பர்கள் பெருந்திரளாகப் போய்க்கொண்டிருந்த காலம். வாத்தியத்தைத் தொட்டுக் காட்டிக்கொடுத்தது அம்மா. மனசைக் கெடுத்தது ஜாஸ் பியானோக்காரர் ஏர்ல் ஹைன்ஸ். இரவு விடுதிகளுக்குள் போகிற வயதில்லை. வெளியில் நின்றபடியே பையன் ஹைன்ஸின் வாசிப்பைக் கேட்டுத் தேறினான். 1936இல் அண்ணன் எடியின் குழுவோடு முதல் இசைத்தட்டு. அடுத்த ஆண்டு ‘ஷஃபிள் அலாங்’ என்ற இசை நாடகத்தோடு ஊர் ஊராகப் போனபோது, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நாடகம் படுத்துவிட்டது. ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, கிடைத்த விடுதியில் கிடைத்த பியானோவை வாசித்துப் பிழைத்தார்.

அப்படித்தான் 1937இல் மூவர் குழு உருவாயிற்று: கிடாருக்கு ஆஸ்கர் மூர், பாஸுக்கு வெஸ்லி பிரின்ஸ். டிரம் கிடையாது. பெரிய பெரிய ‘ஸ்விங்’ குழுக்கள் கோலோச்சிய நாளில் இது துணிச்சலான ஏற்பாடு. தாளத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்; ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினார். ஆர்ட் டேட்டம், ஆஸ்கர் பீட்டர்சன், அகமது ஜமால் என்று பின்னால் வந்த பியானோக் குழுக்கள் பலவும் இந்த அமைப்பைக் கைக்கொண்டன. ரே சார்ல்ஸ் தன் தொடக்க காலத்தில் வாசிப்பிலும் குரலிலும் கோலை அப்படியே பின்பற்றினார். ‘கிங்’ பட்டம் கூட விடுதிக்காரரின் வேடிக்கை. ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் கோல் என்றொரு கிழட்டு ராஜா வருவார். பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு இவருக்கும் கிரீடம் சூட்டிவிட்டார்கள்.

குடிபோதையில் ஒருவர் பாடச்சொல்லி வற்புறுத்தியதால்தான் கோல் பாட ஆரம்பித்தார் என்றொரு கதை சளைக்காமல் உலவுகிறது. கோல் அதை ஏற்கவில்லை. வாத்திய இசை மட்டும் தொடர்ந்தால் சலிக்குமே என்று நடுநடுவே சில பாட்டுகளைப் பாடினேன், ஆட்களுக்குப் பிடித்துவிட்டது என்பதுதான் அவர் சொன்னது. கதையை விட இந்த விளக்கத்துக்குச் சுவை குறைவு. ஆனால் அவர் பாட்டின் இலக்கணம் இதற்குள் இருக்கிறது. பியானோவுக்கு இடைவெளியில் பிறந்த குரல் அது. ஒரு சொற்றொடரைப் பாடி முடித்ததும் விரல்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும். தனக்குத் தானே பக்கவாத்தியம் வாசித்தவருக்கு எப்போது நிறுத்துவது என்பது பழகிப்போய்விட்டது.

1943 நவம்பரில், பிறந்து இரண்டு ஆண்டு கூட ஆகாத கேபிடல் நிறுவனத்துக்காக ‘ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்’ பதிவாயிற்று. பருந்தும் குரங்கும் வரும் நாட்டுப்புறக் கதை. அப்பா பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டது. பாட்டு நாடெங்கும் ஓடியது. உரிமையை மட்டும் முன்பே ஐம்பது டாலருக்கு ஒரு பதிப்பாளருக்கு விற்றுத் தொலைத்திருந்தார். 1945 மார்ச்சில் ‘பில்போர்டு’ இதழ் முதன்முதலாக ஆல்பங்களுக்குத் தரவரிசை வெளியிட்டபோது முதலிடத்தில் இருந்தது கோல் மூவர் குழுவின் தொகுப்புதான். ஆல்பம் என்பது அன்று உண்மையிலேயே ஆல்பம்: 78 சுழற்சித் தட்டுகள் சிலவற்றைப் புகைப்பட ஆல்பம் மாதிரி அட்டைக்குள் செருகி விற்பார்கள்.

அடுத்து வந்தது ‘நேச்சர் பாய்’. எழுதியவர் ஈடன் ஆபெஸ். தாடி, தோள் வரை முடி, வெட்டவெளியில் தூக்கம், சைவச் சாப்பாடு. ஹிப்பிகள் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே வாழ்ந்த ஹிப்பி. பெரிய எழுத்து தெய்வத்துக்கே உரியது என்று தன் பெயரை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளால் மட்டும் எழுதுவார். பாட்டைக் கோலின் ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போனவரை, அனுமதிக்காகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1948இல் வெளிவந்து எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. இதில் மூவர் குழு இல்லை; ஃபிராங்க் டி வாலின் நரம்பிசையும் புல்லாங்குழலும்தான். 1950இல் ‘மோனா லிசா’வும் எட்டு வாரம் முதலிடம். ஒரு சாதாரணத் திரைப்படத்துக்காக எழுதிய பாட்டு, தட்டின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டது, கடைசியில் ஆஸ்கரையும் வாங்கியது. தட்டில் லெஸ் பாக்ஸ்டரின் பெயர் இருந்தாலும் இசைக்கோப்பு நெல்சன் ரிடிலுடையது. 1951இல் ‘டூ யங்’, ‘அன்ஃபர்கெட்டபிள்’. மூவர் குழு என்ற பெயர் மெல்ல விளம்பரங்களிலிருந்து மறைந்தது.

ஜாஸ் ரசிகர்களுக்கு இது ஆறாத புண். மகா பியானோக்காரரைக் காசு கெடுத்துவிட்டது என்பார்கள். 1956இல் பழைய பாணியில் சிறு குழுவோடு, பியானோவில் உட்கார்ந்து ‘ஆஃப்டர் மிட்நைட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கைகள் கொஞ்சமும் துருப்பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அதைக் கேட்கிற யாருக்கும் அந்தப் புலம்பல் நியாயமாகவே படும். இருந்தாலும் அது பாதி நியாயம்தான். ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் காத்திருப்பதைக் கவனித்தால், வயலின்கள் வந்து நிரப்புகிற இடம் முன்பு அவருடைய வலக்கை நிரப்பிய இடம் என்று புரியும். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வருவது, சொல்லைக் கடைசி மெய்யெழுத்து வரை தெளிவாக உச்சரிப்பது, உச்சத்துக்குப் போகாமலே உணர்ச்சியை ஏற்றுவது, இவையெல்லாம் பியானோக்காரரின் பழக்கங்கள். அதே ரிடிலின் இசையில் ஃபிராங்க் சினாட்ரா பாடினால் அவர் கதையைக் கேட்கிறோம். கோல் தன் கதையைச் சொல்வதில்லை. பாட்டைச் சிந்தாமல் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்.

அந்த அடக்கம் வெறும் கலைத் தேர்வாக மட்டும் இருந்திருக்க முடியாது. 1948 ஆகஸ்டில் கோலும் மனைவி மரியாவும் லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கினார்கள். வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்த வட்டாரம். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அந்த ஆண்டு மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வேண்டாதவர்கள் இங்கே குடிவருவதை விரும்பவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது, எனக்கும் பிடிக்காது, அப்படி யாராவது வந்தால் முதலில் நானே புகார் செய்வேன் என்று கோல் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். வீட்டுப் புல்தரையில் இனவசையைத் தீயால் எழுதினார்கள். நாய்க்கு விஷம் வைத்தார்கள். அவர் குடும்பம் அங்கேயே இருந்தது.

1956 ஏப்ரல் 10. அலபாமாவின் பர்மிங்காம் நகர அரங்கில் கச்சேரி. முதல் காட்சி வெள்ளையருக்கு, இரண்டாவது கறுப்பருக்கு. பாடிக்கொண்டிருக்கும்போது சிலர் மேடையில் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் அடி. போலீசார் தாக்கியவர்களைப் பிடித்தார்கள். வெள்ளைப் பார்வையாளர்களே எழுந்து நின்று கைதட்டி ஆதரவு தெரிவித்தார்கள். அவரால் தொடர முடியவில்லை. பிடிபட்டவர்கள் ஏசா கார்ட்டர் என்பவரின் நிறவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள். இந்தக் கார்ட்டர்தான் பிற்பாடு, இனப்பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று ஆளுநர் வாலஸ் முழங்கிய பேச்சை எழுதியவர். அப்புறம் பெயரை மாற்றிக்கொண்டு, செரோக்கி பழங்குடிச் சிறுவனைப் பற்றிய உருக்கமான நாவல் எழுதிப் புகழும் பெற்றார். கற்பனையில் கூட இப்படி ஒரு பாத்திரத்தை வைக்கத் தயங்குவோம்.

அடித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, சொந்தச் சமூகத்தின் கோபமும் கோல் மேல் திரும்பியது. பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் ஏன் பாடினீர் என்று கறுப்புப் பத்திரிகைகள் கேட்டன. கேள்வி சரியானது. அவர் முதலில் சொன்ன சமாதானம், தன் வேலை பாடுவது என்ற மாதிரியான பதில், பலவீனமானது. ஆனால் சில நாட்களிலேயே கறுப்பர்களின் குடிமை உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘தி நாட் கிங் கோல் ஷோ’ தொடங்கியது. முதலில் கால்மணி நேரம், பிறகு அரைமணி. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ, டோனி பென்னட் எல்லோரும் தங்கள் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகைக்கு வந்து பாடினார்கள். தேசிய அளவில் ஒரு விளம்பரதாரர் கூடக் கிடைக்கவில்லை. தெற்கில் சரக்கு விற்காது என்ற பயம். ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, 1957 டிசம்பரில் கோல் தானே நிறுத்திக்கொண்டார். விளம்பரக் கம்பெனிகளின் தெருவான மாடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம் என்றார். தட்டு வாங்கும்போது அட்டையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் முகத்தை என்ன செய்வது?

தட்டு விற்ற காசில் எழுந்தது என்று பொருள்பட, ஹாலிவுட்டில் 1956இல் திறந்த கேபிடலின் வட்டக் கோபுரத்தை ‘நாட் கட்டிய வீடு’ என்று அழைத்தார்கள். அந்தப் பதின்மூன்று மாடிக்கு அவர் கொடுத்தது எல்லாமே தங்கம் என்று சொல்லிவிட முடியாது. 1962இல் ‘ராம்ப்ளின் ரோஸ்’ என்ற நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு பிரமாதமாக விற்றது. தொடர்ந்து வந்த கோடைக்காலக் கும்மாளப் பாட்டுகளில் கோரஸ் கூச்சலிடுகிறது; கோலின் மௌனத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பானிஷ் பதிவுகள் வேறு ரகம். 1958இல் ஹவானாவுக்குப் போய்த் தொடங்கிய வரிசை அது. மொழி தெரியாது; ஒலியை மனப்பாடம் செய்து பாடினார். உச்சரிப்பில் அமெரிக்க வாடை வீசும். லத்தீன் அமெரிக்கா அதையே விரும்பி வாங்கியது. நாற்பது ஆண்டு கழித்து வோங் கார்-வாய் 1962ஆம் ஆண்டு ஹாங்காங்கைக் காட்டும் ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தில் இந்தப் பாட்டுகளைத்தான் பயன்படுத்தினார். வாய்விட்டுச் சொல்லாத காதலுக்கு, பாடுகிறவருக்கே புரியாத மொழிப் பாட்டு. இதை விடப் பொருத்தம் வேறு கிடைத்திருக்காது.

சிகரெட் குரலுக்குக் கனம் தரும் என்று கோல் நம்பினார். மெந்தால் சிகரெட்டை ஓயாமல் பிடித்தார். 1965 பிப்ரவரி 15இல் சான்டா மோனிகா மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது வயது 45. மகள் நாட்டலிக்கு அப்போதுதான் 15 முடிந்திருந்தது.

நாட்டலி கோல் 1975இல் பாட வந்தார். அப்பாவின் நிழலில் பிழைக்கிறாள் என்ற பேச்சு வேண்டாமென்று நெடுநாள் அப்பாவின் பாட்டுகளிலிருந்து விலகியே இருந்தார். 1991இல் அந்த விரதத்தைக் கைவிட்டு ஒரு முழு ஆல்பமாகப் பாடினார். அதன் கடைசியில் ‘அன்ஃபர்கெட்டபிள்’, அப்பாவும் மகளும் மாறி மாறி. அடுத்த ஆண்டு கிராமி விழாவில் பரிசுகள் குவிந்தன. நாற்பது வருஷப் பழைய பாட்டுக்கு ‘ஆண்டின் சிறந்த பாடல்’ விருதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அதை எழுதிய இர்விங் கார்டன் உயிரோடு இருந்து வாங்கிக்கொண்டார்.

இறந்த அப்பாவோடு மகள் சேர்ந்து பாடுவது சாத்தியமானதற்குக் காரணம் 1961. அந்த ஆண்டு கேபிடல் நிறுவனம் ஸ்டீரியோ வாங்குவோருக்காகக் கோலை அவருடைய பழைய வெற்றிப் பாட்டுகளைத் திரும்பப் பாட வைத்தது. ‘தி கிறிஸ்துமஸ் ஸாங்’கின் நான்காவது பதிவும் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். 1951இன் தட்டில் குரலும் வயலினும் ஒரே தடத்தில் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. 1961இன் நாடாவில் குரலுக்குத் தனித்தடம் இருந்தது. பொறியாளர்கள் அதை மட்டும் தனியே எடுத்தார்கள். வாத்தியங்களை நீக்கிய அந்த நாடாவில் கோல் ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார், காத்திருக்கிறார். முப்பது ஆண்டு கழித்து மகள் அந்த இடத்தில் நுழைந்தார்.