விட்டுவைக்கத் தெரிந்த கை

பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கின் 0.1 பதிப்பை இன்றும் அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். மொத்தமும் ஒரே ஃபைல். ரூட்டிங் எங்கே என்று தேடினால் அது நம்மை வெர்க்சாய்க் என்ற லைப்ரரிக்கு அனுப்பிவிடும். டெம்ப்ளேட் எங்கே என்றால் ஜின்ஜாவுக்கு. அவை போக மிஞ்சியதுதான் ஃபிளாஸ்க்.

அதிலும் ரெஸ்பான்ஸ் கிளாஸ் என்றால் எனக்குத் தனிப் பிரியம். வெர்க்சாய்க்கின் ரெஸ்பான்ஸிலிருந்து பிறக்கும் அந்த கிளாஸுக்குள், விளக்கக் குறிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இருப்பது ஒரே ஒரு வரி: மைம்டைப் குறிப்பிடாவிட்டால் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல். வெர்க்சாய்க் அந்த இடத்தில் டெக்ஸ்ட்/பிளெயின் என்று வைத்திருந்தது. எல்லோருக்கும் பொதுவான கருவி அது, அதற்கு அதுவே சரி. ஃபிளாஸ்க்கைத் தேடி வருகிறவர் வெப் பக்கம் எழுத வருகிறார். ஆகவே அந்த ஒன்று மட்டும் மாறியது. ஹெடர், குக்கி, ஸ்ட்ரீமிங் எதன்மேலும் கை படவில்லை. எத்தனை பேருக்கு இந்தக் கட்டுப்பாடு வரும்? கிளாஸ் ஒன்றைத் திறந்துவிட்டால் நாலு மெத்தடாவது சேர்க்காமல் மூட மனம் வராது நமக்கு.

விஸ்கி ஆப் (wsgi_app) மெத்தடும் அதே ஜாதி. அப்ளிகேஷனை அழைத்தால், அது அந்த அழைப்பை அப்படியே விஸ்கி ஆப்புக்குத் தள்ளிவிடுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. வெட்டி வேலை போலத்தான் தெரியும். ஆனால் மிடில்வேர் போர்த்த வருகிறவர் அந்த உள் மெத்தடின்மேல் மட்டும் போர்த்திக்கொள்ளலாம். ஆப் என்ற ஆப்ஜெக்ட் கைவிட்டுப் போகாது. யாரோ எழுதப்போகும் மிடில்வேருக்கு முன்கூட்டியே திறந்து வைத்த வாசல் அது.

ஃபிளாஸ்க்கை எழுதிய ஆர்மின் ரோனாக்கர் 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு வேடிக்கை செய்தார். ஜின்ஜாவையும் வெர்க்சாய்க்கையும் ஜிப்பாகச் சுருட்டி ஒரே ஃபைலுக்குள் திணித்து, டிபெண்டன்சியே இல்லாத மைக்ரோ ஃபிரேம்வொர்க் என்று வெளியிட்டார். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அதே மாதத்தில் நிஜமான ஃபிளாஸ்க் வந்தது, இரண்டு டிபெண்டன்சிகளையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு.

பாட்டில் என்ற ஃபிரேம்வொர்க்கின் ரசிகர்கள் இப்படி அடுத்தவர் கோடின்மேல் நிற்பதை ஒப்பமாட்டார்கள். மார்செல் ஹெல்காம்ப்பின் அந்த ஒற்றை ஃபைல் பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைத் தவிர எதையும் கேட்பதில்லை. அதன் சுத்தம் எனக்கும் பிடிக்கும். 2016-இல் ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்பேட் என்ற குட்டி லைப்ரரி நீக்கப்பட்டு, பதினொரு வரி இல்லாமல் ஊரெல்லாம் பில்டு உடைந்ததையும் சொல்வார்கள். 2023-இல் வெர்க்சாய்க் 3.0 யூஆர்எல் க்வோட் (url_quote) ஃபங்க்ஷனை எடுத்துவிட்டதும், வெர்ஷனுக்கு மேல்வரம்பு வைக்காத பழைய ஃபிளாஸ்க்குகள் இம்போர்ட்டிலேயே விழுந்தனவே என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பத்து வரியைக் கடன் வாங்குவது வேறு, ஹெச்டிடிபியின் இண்டு இடுக்குகளைப் பல வருடம் பார்த்துத் தேறிய கோடின்மேல் நிற்பது வேறு. மல்டிபார்ட் ஃபார்மைப் பிரிக்கிற வேலையை ஆளாளுக்குப் புதிதாக எழுதினால், ஓட்டைகளும் ஆளாளுக்குப் புதிதாகத்தான் வரும்.

எனக்கு மனத்தாங்கல் இப்போது வரும் லைப்ரரிகள்மேல். இவையும் பழையவற்றின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டக் கூச்சம். கீழிருந்து வரும் எர்ரரை விழுங்கிவிட்டு, ‘ஏதோ தவறு’ என்று சொந்தப் பெயரில் ஒன்றை எறிகின்றன. நன்றாக இருக்கும் பெயர்களையெல்லாம் மாற்றி வைக்கின்றன. பணம் வசூலிக்கும் சேவை ஒன்றின் லைப்ரரியை ஒரு வேலைக்காக இணைத்தோம். நெட்வொர்க் மந்தமானால் கோரிக்கை அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே பைத்தானின் ஹெச்டிடிபி லைப்ரரியான ரிக்வெஸ்ட்ஸ். டைம்அவுட் கொடுக்க அதில் அருமையான வழி உண்டு. மேலே போர்த்தியவர் அதற்கு இடமே விடவில்லை. கடைசியில் அந்த லைப்ரரியைக் கழற்றிவிட்டு ரிக்வெஸ்ட்ஸையே நேராக அழைத்தோம். எழுதிய கோடு ஒரு திரைக்குள் அடங்கியது.