7-0 என்று ஜெயித்தால் படம் ஓடாதா?

2010 டெல்லி காமன்வெல்த் போட்டி. பெண்கள் மல்யுத்தம் அந்தப் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்ற வருடம். 55 கிலோ பிரிவு இறுதியில் கீதா போகத், எதிரே ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட். முதல் சுற்று 1-0, அடுத்த சுற்று 7-0. மூன்றாவது சுற்றுக்கு வேலையே வைக்கவில்லை கீதா. தங்கம்.

அதே இறுதிப் போட்டியை ‘தங்கல்’ (2016) படத்தில் பாருங்கள். மூன்றாவது சுற்று, கடைசி நொடிகள், கீதா பின்தங்கியிருக்கிறார். எதிராளியை அப்படியே வளைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு ஐந்து புள்ளி அள்ளுகிறார். அப்பா மகாவீரோ ஓர் அறையில் பூட்டப்பட்டுக் கிடக்கிறார். தேசிய கீதம் காதில் விழுந்த பிறகுதான் மகள் ஜெயித்தது அவருக்குத் தெரிகிறது. பூட்டும் கற்பனை, இழுபறியும் கற்பனை. தியேட்டரில் நானும் விசிலடித்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் ஒருதலைப்பட்சமாக அடித்து நொறுக்கிய ஆட்டத்தை, தட்டுத்தடுமாறி ஜெயித்ததாக மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

படத்தின் ஆகச் சிறந்த குஸ்தி இறுதிக் காட்சியில் இல்லை. அகாடமியில் பயிற்சி எடுத்துவிட்டு ஊர் திரும்பும் கீதா, மண் களத்தில் அப்பாவோடு மோதும் இடம்தான் அது. பின்னணி இசையின் ஆர்ப்பாட்டம் கிடையாது. அப்பாவாக வரும் அமீர் கான் மூச்சு வாங்குகிறார். கீதாவாக வரும் பாத்திமா சனா ஷேக் பிடியை விடுவித்துக்கொண்டு மறுபடி மறுபடி பாய்கிறார். நடிகைகளுக்குப் பயிற்சி தந்தவர் மல்யுத்த வீரர் கிருபாசங்கர் பிஷ்னோய். அந்த உழைப்பு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஜெயிப்பது கீதா. உடனே தங்கை பபிதாவை விட்டு, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் நுட்பத்தில் குறையில்லை என்று சொல்ல வைக்கிறார்கள். அதற்குப் பிறகு கீதாவுக்குத் தோல்வி மேல் தோல்வி. தன் சொந்த ஆட்டத்தால் அவர் ஜெயித்த ஒரே மோதலைத் திரைக்கதை திமிர்க் கணக்கில் எழுதிவிட்டது.

நம்மூர் ‘இறுதிச்சுற்று’ (2016) இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. சுதா கொங்கரா செய்த புத்திசாலித்தனம், நிஜத்தில் கிக்பாக்சிங் ஆடிய ரித்திகா சிங்கைக் குத்துச்சண்டைக்காரி மதியாக்கியது. நடிகைக்குக் குத்தத் தெரியாவிட்டால் முகத்துக்கு ஒரு ஷாட், கையுறைக்கு ஒரு ஷாட் என்று வெட்டி ஒட்டித்தான் ஒப்பேற்ற வேண்டும். ரித்திகாவின் காலைக் காட்டலாம். குத்துச்சண்டையில் பாதி ஆட்டம் காலில்தான். முன்னங்காலில் எடை ஏறுவதும், குத்து விழும் முன்பே பின்னங்கால் விலகுவதும் கற்றுக்கொடுத்து ஒரு மாதத்தில் வருகிற சமாச்சாரமில்லை.

இங்கேயும் பயிற்சியாளர் பிரபு இருக்கிறார்; அந்த வேடத்தில் மாதவன் வேறு, சும்மா விடுவார்களா? ஜெயித்ததும் மதி ஓடிப்போய்த் தாவி ஏறிக்கொள்வது அவர் மேல்தான். ஆனால் அதற்கு முன், வெற்றியில் பங்கு போட வந்து நிற்கும் குத்துச்சண்டைச் சங்கத்து ஆளின் முகத்தில் மதி ஒரு குத்து விடுகிறாரே, அது முழுக்க அவருடைய சொந்தக் கணக்கு.