பட்டியலும் சபையும்

பொதுமக்களிடமிருந்து வரியாகத் திரட்டப்பெற்ற திரவியம் மறுபடியும் அம்மக்களிடத்துக்கே உதவித்தொகையாகவும் கூலியாகவும் சாலையாகவும் திரும்பி வரும்போது, அது சேரவேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்ததா என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் கேள்விக்கு, பாக்கு நீரிணையின் இரு கரைகளும் இருவேறு விடைகளைத் தந்திருக்கின்றன. இந்தியக் கரையில் அவ்வதிகாரம், கொள்கையளவிலேனும், ஊரில் வாக்குரிமை பெற்றோர் அனைவரும் கூடும் கிராம சபைக்கு உரியது; இலங்கைக் கரையில் அது ஊரார் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதேச சபை உறுப்பினருக்கு உரியது. முன்னது நேரே நின்று கேட்பது; பின்னது பிரதிநிதியின் வாயால் கேட்பது.

இவ்விஷயத்தை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக்கிலிருந்து நோக்குவதற்கு ஒரு முகாந்திரம் உண்டு. லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே இருப்புப்பாதை ஓரமாக அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறைதான் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தது. தமிழ்நாட்டு ஊர்களில் தங்கிவிட்டவர்கள், கண்டிச் சீமைக்குப் போனவர்கள், மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் என ஒரே குடியானவச் சமூகம் மூன்று கிளையாயிற்று. அவற்றுள் முதலிரு கிளையாரும் தத்தம் ஊர்ச் சபைகளில் பெற்றிருக்கும் உரிமைகளையும், அவ்வுரிமைகள் எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்பதையும் மூன்றாம் கிளையார் அறிந்திருத்தல் நலம்.

இந்தியாவில் இம்முறை பிறந்தது தில்லிச் செயலகத்திலன்று. ராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில், பஞ்ச நிவாரண வேலை செய்தும் முழுக் கூலி பெறாத உழைப்பாளிகளை ஒன்றுசேர்த்து, அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் 1990இல் தோற்றுவித்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பர் 2ஆம் தேதி கோட் கிரானா என்னும் ஊரில் ஒரு பொது விசாரணையை நடத்திற்று. ஊராட்சியின் செலவுச் சீட்டுகளையும் வேலைக்கு வந்தோர் பெயர்ப் பதிவேட்டையும் வெட்டவெளியில் ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள், அவ்வளவே. வேலைக்குச் செல்லாதவர்களின் பெயர்களில் கூலி எழுதப்பட்டிருந்தமை, அப்பெயர்க்குரியவர்கள் அங்கேயே இருந்தபடியால், எந்த நிபுணரின் துணையுமின்றி வெளியாயிற்று. கணக்காய்வு என்பது கணிதம் கற்றோரின் ஏகபோகம் என்றிருந்த எண்ணம் அன்று உடைந்தது என்று சொல்வது மிகையாகாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் இவ்வனுபவத்துக்குக் கடன்பட்டவை. பின்னதன் 17ஆம் பிரிவு, அவ்வேலைகளைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தும் கடமையைக் கிராம சபைக்கே விதித்தது. 2011இன் விதிகள் அதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்தவேண்டுமென்று வரையறுத்தன.

தமிழ்நாட்டில் கிராம சபை 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின்படி கூடுவது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22ஆம் தேதியும் நவம்பர் முதல் தேதியும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடைபெற வேண்டும். ஊரின் ஜனத்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்திருந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. ஊரக வேலை உறுதிச் சட்டம் தந்த நூறு நாள் வேலையில் பெரும்பான்மையோர் பெண்களாயிருந்தமையால், வேலை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஏரி வேலைக்கு நான் வந்த நாளுக்குக் கூலி ஏன் ஏறவில்லை?” என்று பணித்தளப் பொறுப்பாளரை ஊர் நடுவே ஒரு மூதாட்டி கேட்பதற்குச் சட்டம் இடமளித்தது. பத்திரிகைகள் இதனைச் சிறிதாகக் கருதுவதுண்டு. கூலி வாங்குபவள் கூலி கொடுப்பவனிடம் கணக்குக் கேட்கும் காட்சி நம் கிராம சரித்திரத்தில் எத்துணை அபூர்வம் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள்.

குறைகளும் வெளிப்படையானவை. குறைவெண் வரம்பை நிரப்பக் கையெழுத்துகள் வீடு வீடாக வாங்கப்படுவதும், தீர்மானங்கள் முன்னதாகவே எழுதப்பட்டு வாசிக்கப்படுவதும், சேரியிலிருந்து வந்தோர் ஓரமாக நின்று திரும்புவதும் யாவரும் அறிந்தவை. சமூகத் தணிக்கையில் முறைகேடென்று கண்டறியப்பட்ட தொகையில் நாடு முழுவதிலும் மீட்கப்பட்டது சிறு பகுதியே. ஆயினும் ஒரு குணம் இதற்கு உண்டு: கிராம சபை தேர்தலால் உண்டாவதன்று, ஆகவே தேர்தல் இல்லாமையால் அது இறப்பதுமில்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகள் 2016 இறுதி முதல் மூன்றாண்டுக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இன்றித் தனி அலுவலர் கையில் இருந்தன. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் அந்நிலையே நேர்ந்தது. தலைவர் இல்லாத ஊரிலும் கிராம சபை கூட்டப்பட்டது. தலைமை தாங்கியவர் அதிகாரியாயிருக்கலாம். கேள்வி கேட்கும் வாய்கள் ஊராருடையவை.

இலங்கையின் பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் குழந்தைகள். அங்கே தணிக்கையின் உயிர்நிலை வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பு. தவிசாளர் முன்வைக்கும் திட்டத்தை உறுப்பினர்கள் வரிவரியாகக் கிழிக்கலாம், தோற்கடிக்கலாம். மாநகர சபைகளிலும் இதுவே வழக்கம். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோல்வியுற்றமையால் முதல்வர் பதவி இழந்தமை பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுக் கிராம சபை ஒரு ஊராட்சித் தலைவரை இவ்விதம் வீழ்த்த முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். செலவழிந்த பின்னர் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கிறார். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் குடிமகனுக்கும் ஒரு வாயிலைத் திறந்திருக்கிறது. ஆனால் சபை அமர்வில் அவன் பார்வையாளன். பேசுவது அவனுடைய உறுப்பினர்.

அந்த உறுப்பினரைக்கூட நெடுங்காலம் பெறாதவர்கள் தோட்டத் தமிழர். 1930களின் இறுதியில் கிராமச் சபைகளுக்கு வாக்குரிமை விரிந்தபோது தோட்டத் தொழிலாளர் அதன் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டுக்கே புறத்தவராக்கிற்று. குடியுரிமை மீண்டு வாக்களித்த காலத்திலும், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் பணத்தைத் தோட்ட எல்லைக்குள் செலவிடத் தடையாக இருந்தது. தெருவிளக்குக்காக வாக்களித்தவன் லயத்துக்குப் போகும் பாதையில் இருட்டில் நடக்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தம் பெற்றது. திருத்தம் பெற்ற சபைகள் தோட்டங்களில் வேரூன்றுவதற்குள் வேறொரு விபரீதம் வந்து சேர்ந்தது.

2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு கண்ட கொழும்பு அரசாங்கம், 1995 முதல் நடைபெற்று வந்த சமுர்த்தி உதவியின் இடத்தில் அஸ்வெசும என்னும் புதிய திட்டத்தை அவ்வாண்டு ஜூலையில் நிறுவிற்று. 20 லட்சம் குடும்பங்கள் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை பெறுமென்று ஏற்பாடாயிற்று. யார் எந்த வகுப்பினர் என்பதை, வீடு, உடைமை, மின்சாரப் பாவனை முதலிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு நலன்புரி நன்மைகள் சபை தீர்மானித்தது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் ஒன்பது லட்சத்துக்கு மேல் குவிந்தன. ஒரே லயக் காம்பராவில் தாயும், மணமான மகனும், கணவனை இழந்த மகளும் தனித்தனி அடுப்பு வைத்து வாழும் இடத்தில் குடும்பம் என்பது எது, மின்மானி யாருடையது, உடைமை யாருடையது என்று ஒரு வினாப் பத்திரத்தால் எங்ஙனம் அறுதியிட முடியும்? இதனை அறிந்தவர் அந்த வட்டாரத்தின் பிரதேச சபை உறுப்பினர். ஆனால் அவ்வுறுப்பினர் அப்போது இல்லை. 2023 மார்ச்சில் நடைபெற வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்னும் காரணத்தால் கைவிடப்பட்டு, சபைகளின் ஆயுள் அம்மாதம் 19ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அத்தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு நடந்ததோ 2025 மே 6ஆம் தேதி. நாட்டின் மிகப் பெரிய நலன்புரி மாற்றம் நிகழ்ந்த இரண்டாண்டுகளும் ஊர்ச் சபைகள் செயலாளர்களின் நிர்வாகத்தில் கிடந்தன.

உறுப்பினர் இருந்திருந்தாலும் பட்டியல் அவர் மேசைக்கு வந்திராது என்பதையும் கூறவேண்டும். அது பிரதேச செயலகத்தின் பொறுப்பு, பிரதேச சபையினுடையதன்று. பெயர் ஒத்த இவ்விரண்டையும் வெளிநாட்டார் அடிக்கடி குழப்புவதுண்டு. செயலகம் கொழும்பின் கை, சபை ஊரின் வாய். உதவி கையால் போகிறது. வாய்க்கு அதில் வேலையில்லை.

இந்தக் குறையைச் சுட்டிவிட்டுத் தமிழ்நாட்டார் பெருமை கொள்வதற்கில்லை. 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து, 1 கோடியே 6 லட்சம் பேர் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்டனர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்னும் வரம்புகளைக் கொண்டு தள்ளுபடி செய்தது அரசு நிர்வாகம். மேல்முறையீடு சென்றதும் வருவாய்க் கோட்டாட்சியரிடமே. ஏரி வெட்டிய கூலிக்குக் கிராம சபையில் கணக்குக் கேட்கும் மூதாட்டி, தன் பெயர் விடுபட்டதற்கு அதே சபையில் பதில் பெற வழியில்லை. செல்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியே அவளுக்குத் தீர்ப்பு. இவ்விடத்தில் அஸ்வெசும ஒரு படி மேலானது என்றே கருதுகிறேன்: பெயர்கள் வெளியிடப்பட்டன, தகுதியற்றவர் பெயரைக் கண்டால் எவரும் ஆட்சேபிக்கலாம் என்று சட்டமே கூறிற்று. அந்த ஆட்சேபனை கடிதமாகச் சென்றதேயன்றிக் கூட்டத்தில் எழவில்லை என்பதுதான் குறை. அயலான் மீது இரகசியமாக எழுதப்படும் மனுவுக்கும், அவன் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டு அவனால் மறுக்கப்படக்கூடிய வார்த்தைக்கும் நெடுந்தூரம் உண்டு.

மேலும், 2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நீக்கிப் புதியதொன்றை இயற்றி, வேலை நாட்களை 125ஆக உயர்த்தியதோடு, செலவில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்களின் தலைமேல் வைத்தது. இம்மாற்றம் ஏழைக் குடும்பத்தின் அடுப்பில் என்ன செய்யும் என்பதைக் கிராம சபைகளில் விவாதித்து அதன் பின்னர்ச் சட்டமியற்றவில்லை. செலவான பின் கணக்குக் கேட்கலாம், செலவை மாற்றும் முன் கருத்துச் சொல்ல இயலாது என்பதே கிராம சபையின் எல்லையாகி நிற்கிறது.

மலேசியாவின் நிலை இவ்விரண்டிலும் சேராதது. இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டே அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவரது குழு 1968இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் 171ஆம் சட்டம் தேர்தலை ஒழித்து, மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்க வகை செய்தது. உதவித்தொகைப் பட்டியலோ புத்ராஜெயாவின் தரவுத்தளங்களில் உள்ளது: வறியோர் பதிவேடான இ-காசேயில் பெயர் உண்டா, ரஹ்மா ரொக்க உதவி ஏன் நிராகரிக்கப்பட்டது என்பவற்றைப் பெக்கோக் தோட்டத்துக் குடும்பம் ஒன்று திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறது, மறுப்பிருந்தால் திரையிலேயே முறையிடுகிறது.

எனினும் அதே 171ஆம் சட்டத்தில், மன்றம் தீர்மானத்தால் விலக்கினாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் 23ஆம் பிரிவு இருந்து வருகிறது. இலங்கைப் பார்வையாளனுக்கு உள்ள இடத்துக்கு அது ஏறக்குறைய நிகரானது. கிராம சபையின் உரிமை அதில் இல்லை. ஆனால் வடிகாலுக்கும் சாலைக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், தோட்டத்து எல்லையில் அது ஏன் நின்றது என்பவற்றை ஒருவன் தன் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ உரக்கப் படிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கோட் கிரானாவிலும் முதலில் செய்தது அவ்வளவே.