'ஆவாரா' பாடியவரின் லொறிப் பயணம்

நம்மவர் எழுதுகின்ற பயணக் கட்டுரைகளில் எனக்கொரு நீண்டகால மனக்குறை உண்டு. விமான நிலையத்தில் தொடங்கும். ஹோட்டல் அறையில் போய் இறங்கும். வீதிகள் துப்புரவாக இருந்தன என்று ஒரு வரி வரும். பிறகு மீண்டும் விமான நிலையம். வழி என்ற ஒன்றே அதில் இராது. விக்ரம் சேத்தின் 'ஃப்ரொம் ஹெவன் லேக்' நூலை அண்மையில் இரண்டாம் தடவை வாசித்தபோது இந்தக் குறைதான் முதலில் நினைவுக்கு வந்தது. 1983இல் வெளிவந்த அந்த நூல் முழுக்க முழுக்க வழிதான்.

சேத் அப்போது நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1981 கோடை விடுமுறைக்கு டில்லிக்குப் போக வேண்டும். எல்லோரையும் போல விமானம் ஏறாமல், சின்ஜியாங்கிலிருந்து திபெத்தைக் கடந்து நேபாளம் வழியாக வீடு சேர்வது என்று முடிவெடுக்கிறார். லாஸாவுக்கு ரயில் வந்தது 2006இல்தான். அன்று இருந்தது லொறிகள் ஓடும் மலைப்பாதை. அதில் கால் வைக்கவும் பொலிஸின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதி கிடைத்த கதை சுவையானது. துர்பான் நகரில் ஓர் இசை நிகழ்ச்சியில் சேத்தைப் பாடச் சொல்கிறார்கள். அவர் 1951இல் வந்த ராஜ் கபூர் படத்தின் 'ஆவாரா ஹூன்' பாட்டைப் பாடுகிறார். சீனத்தில் அந்தப் பாட்டுக்கு இருந்த மவுசு நம்மூர் பழைய ஹிந்திப் பாட்டுப் பைத்தியங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு அதே ஊர்ப் பொலிஸில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பயண அனுமதியில் லாஸாவின் பெயரும் ஏறிவிடுகிறது. 'ஆவாரா' என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். வீடுவாசலின்றி அலைபவன் என்று பொருள். அலைபவனுக்கும் ஒரு முத்திரை தேவைப்பட்டது என்பதை சேத் மறைக்கவில்லை. இந்த நேர்மைக்காகவே நூலை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் துர்பான் பக்கங்களை இன்று முன்போல வாசிக்க முடியவில்லை. பனிநீரைப் பாலைவனத்துக்குக் கொண்டுவரும் கரேஸ் நிலத்தடிக் கால்வாய்கள், திராட்சைப் பந்தல்கள், எமின் மினாரா, உய்குர் மக்களின் உபசரிப்பு எல்லாம் கண்முன் வருகின்றன. 2022 ஓகஸ்ட் 31இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட சின்ஜியாங் அறிக்கை, அங்குள்ள தடுத்துவைப்புகள் மானிடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்றது. அதற்குப் பிறகு, பந்தலின் கீழ் விருந்தாளியோடு கதைத்திருந்தவர்களின் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே வந்து நிற்கிறது. 1981இல் எழுதப்பட்டவற்றின் மீது இதைக் குற்றமாகச் சுமத்த முடியாதுதான். ஆனாலும் வாசகன் என்ன செய்வான்?

நூலின் உயிர் லொறிக்குள் இருக்கிறது. லியுயுவான் என்ற ரயில் நகரில் லொறிகள் தரிக்கும் இடங்களில் அலைந்து, சூயி என்ற சாரதியின் முன்னாசனத்தில் சேத் இடம் பிடிக்கிறார். லொறியில் லிஃப்ட் எடுத்துப் போனவர்களுக்கு ஒன்று விளங்கும்: சாரதி நிற்பாட்டினால்தான் நிற்கும், அவர் எடுத்தால்தான் போகும். நமக்கு அவசரமென்று வாய் திறக்கேலாது. சேத்தின் பொறுமையின்மை மெல்ல மெல்லக் கரைந்து, சூயியின் சிகரெட்டும் பகிடியும் அவருடைய நாட்காட்டியாகிவிடுவதை வாசிப்பது தனி இன்பம். 5000 மீற்றருக்கு மேலுள்ள தங்குலா கணவாயை அவர் வீரமாகக் கடக்கவில்லை, தலையிடியோடு கடக்கிறார்.

எனது குறை இங்கேதான். வெளிநாட்டான் ஒருவனைச் சீனத்தின் அந்தக் காலத்தில் லொறியில் ஏற்றிய சாரதிக்கு அதனால் என்ன வந்திருக்கும்? சேத்துக்கு இளமை இருந்தது, சீன மொழி இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது, ஆணாகவும் இருந்தார். தனியே ஒரு பெண் அதே இடத்தில் நின்று கைகாட்டியிருந்தால் அது வேறொரு நூலாகியிருக்கும். சூயியை அன்போடு வரைகின்ற பேனா, ஏற்றியவனுக்கும் ஏறியவனுக்கும் இடையிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

எல்லைப் பகுதியில் எழுத்து மீண்டும் உயர்கிறது. அந்த 1981 ஜூலையில்தான் மேலே ஒரு பனியாற்று ஏரி உடைந்து, பெருவெள்ளம் சீன நேபாள எல்லையின் நட்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. லொறி போக வழியில்லை. மண்சரிவுகளுக்கிடையே சேத் நடந்துதான் இறங்குகிறார். வறண்ட மேட்டுநிலம் முடிந்து, ஈரமும் பச்சையும் தொடங்குகிறது. அத்தனை முத்திரைகளும் தேடிய எல்லையை, சேறு அப்பிய கால்களோடுதான் ஒருவர் கடக்க நேர்கிறது.

காத்மண்டுவில் அவருக்கு இன்னுமொரு வாய்ப்பு இருந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் பாட்னா போய், கங்கையிலும் யமுனையிலும் படகேறி, ஆக்ரா தாண்டி டில்லி சேரலாம். வேறு யாராக இருந்தாலும் நூலின் அழகுக்காகவாவது அதைச் செய்திருப்பார்கள். சேத்துக்குக் களைப்பு, வீட்டு ஞாபகம். ஓகஸ்ட் மாதத்தின் கடைசி நாள் அது. போய் ஒரு விமானச் சீட்டு வாங்கிக்கொள்கிறார்.